லேடீஸ் லஞ்சுக்கு நான் போட்ட மெனு

அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம். திருகோணமலையில் மாரி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. கயிறு, ஆணி, தார், பெயின்ற் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், கேட்டது இல்லாவிட்டால் ஒரு பகிடியைச் சொல்லி அனுப்பி வைப்பதும் என் கடமை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அந்தப் பதவியில்தான் எனக்குப் பேர். செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளேயே ஆட்களைச் சிரிக்க வைத்து, பெண்சாதியிடம் ஏச்சு வாங்கியவன் நான்.

அந்த மாரியில் அந்தப் பதவி பறிபோனது. மனைவிக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது, இனி அவ சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டியதுதான் மிச்சம் என்று டொக்டர் சொன்னார். அந்த மிச்சம்தான் நடக்கவில்லை. கஞ்சியை இரண்டு கரண்டி வாயில் வைப்பா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவா. நாளுக்கு நாள் ஆள் மெலிந்துகொண்டே போனா.

நான் என்ன செய்தேன்? பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக் குந்திக்கொண்டு அவவையே பார்த்தேன். வாயில் ஒரு கதையும் வரவில்லை. "நோகுதா?" என்று கேட்பேன். "இல்லை" என்பா. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "நோகுதா?" இப்படி நான் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் பக்கத்துக் கட்டில் அம்மா, "அவவுக்கு நோகேல்லையாம் தம்பி. எனக்குத்தான் நோகுது, என்னை ஒருக்கால் கேளும்" என்றா. வேறு நேரமென்றால் அதற்கு நான் ஒன்பது மறுமொழி வைத்திருப்பேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழைத்தண்ணி என்று சொன்னேன். வார்டுக்குள்ளே மழை பெய்யவில்லை என்பது பிறகுதான் யோசனை வந்தது.

இப்போது அந்த லேடீஸ் லஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்திய காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்காரக் கடற்படைத் துரைமாரின் மனைவிமார் ஒவ்வொரு மார்கழியிலும், நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்களுக்கு மட்டும் ஒரு மத்தியானச் சாப்பாடு வைப்பார்களாம். தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு. அவர்கள் கப்பலேறிப் போன பிறகு எங்கள் பெண்கள் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் மனைவிமார், ஆசிரியைகள், கடைக்காரர் வீட்டுப் பெண்கள் என்று சைவமும் கிறிஸ்தவ வேதமும் இஸ்லாமும் ஒரே மேசையில். தொப்பியையும் கையுறையையும் விட்டுவிட்டார்கள். பெயரையும் வெள்ளிக்கிழமையையும் மட்டும் மாற்ற ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஆண்களுக்கு அதில் ஒரு வேலைதான்: காலையில் மேசைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, கண்ணில் படாமல் மறைந்து விடுவது.

அந்த வருடம் சாப்பாட்டுப் பொறுப்பு என் மனைவியுடையது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஒரு பின்னேரம் நான் வழக்கம்போல முக்காலியில் பிரேதம் மாதிரி இருக்க, அவ கண்ணைத் திறந்தா.

"இஞ்சேருங்கோ, லேடீஸ் லஞ்சுக்கு இன்னும் மெனு போடேல்லை."

இந்த நிலைமையில் அது ஒன்றுதான் குறைச்சலோ என்று கேட்டேன்.

"பொறுப்பெடுத்தது நானெல்லோ. எனக்கு எழும்ப ஏலாது. நீங்கள் போட்டுக்கொண்டு வாங்கோ, சரிபிழையை நான் பார்த்துச் சொல்லுறன்."

"நானோ?"

"வேற ஆர்? இந்தக் கட்டிலைச் சுத்தி வேற ஆரும் நிக்கினமோ?"

எங்கள் வீட்டுக் குசினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வாசல் எந்தப் பக்கம் என்பது மட்டும். ஆனால் நோயாளி கேட்கிறா. அவ மனம் நொந்தால் இரண்டு கரண்டிக் கஞ்சியும் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், நகரத்துப் பெண்கள் எல்லாரையும் பட்டினி போட்டவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம் மறு பக்கம். இரண்டு பயத்துக்கும் நடுவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளைக்காரன் தொடக்கிய விருந்து, வெள்ளைக்காரன் மாதிரியே செய்வோம் என்பது என் முதல் யோசனை. முன்னொரு காலத்தில் துரை வீட்டில் மேசை வைத்த மனுசன் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். அவரைக் கேட்டு, சூப், பன்றி றோஸ்ற், பிராண்டி ஊற்றிக் கொளுத்திய புடிங் என்று எழுதிக்கொண்டு போனேன். மனைவி படுத்தபடியே தாளை உயர்த்திப் பிடித்து வாசித்தா.

"பன்றியோ?"

"ஓம். அப்பிள் சோஸோட."

"அப்ப கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் ஆக்கள் என்ன செய்யிறது? யன்னலால பாயிறதோ?"

பன்றியை வெட்டினேன். பிராண்டியையும் வெட்டச் சொன்னா. சூப் மட்டும் மிஞ்சியது. சூப்பை மட்டும் குடித்துவிட்டு எழும்பிப் போக அவர்கள் என்ன ஆஸ்பத்திரியிலா இருக்கிறார்கள் என்று கேட்டா. அடுத்த நாள் மாட்டிறைச்சி கொண்டு போனேன். சைவக்காரப் பெண்கள் உங்களை ஊரைவிட்டே துரத்துவார்கள் என்றா. அதற்கடுத்த நாள் ஆடும் கோழியும். மார்கழியில் பாதிப்பேர் விரதம், போதாததற்கு வெள்ளிக்கிழமை, வேதக்காரரிலும் சிலர் அன்றைக்கு இறைச்சி தொடமாட்டார்கள் என்றா. சரி, மீன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே, சல்லி மீன்பிடிக் கிராமத்தில் வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும் இந்தக் காற்றில் கடலுக்குப் போகிறவன் யார், நீங்களா என்று கேட்டா.

இடையில் வீடு வீடாகப் போய் யார் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று விசாரித்தேன். போகிற வழியில் காற்று என் குடையைப் பிடுங்கி மறுபக்கம் திருப்பிவிட்டது. இந்த லஞ்சை நடத்துகிற பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவ ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். நனைந்த கோழி மாதிரிப் போய் நின்ற என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, நான் கேட்ட ஒவ்வொரு விசர்க் கேள்விக்கும் நன்றாக யோசித்து மறுமொழி சொன்னா. இவ்வளவு பொறுமையான மனுசி பள்ளிக்கூடத்தில் எப்படிப் பிரம்பு தூக்கினாவோ என்று நினைத்தேன்.

நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு நித்திரையில்கூடப் பன்றியும் மாடும் துரத்தின. அப்போதுதான் ஒரு மத்தியானம், களஞ்சியத்தில் கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் குந்தியிருந்தபோது, மண்டைக்குள் வெளிச்சம் அடித்தது. மரக்கறி! முழுக்க முழுக்க மரக்கறி. முஸ்லிம் பெண்களுக்கும் வில்லங்கமில்லை, விரதக்காரருக்கும் வில்லங்கமில்லை, வெள்ளிக்கிழமைக்கும் வில்லங்கமில்லை. கடலுக்கும் போகத் தேவையில்லை. பென்சிலை எடுத்தேன். இவ்வளவு நாளும் ஒரு கறியைக்கூட உருப்படியாக எழுதத் தெரியாத எனக்கு, அன்றைக்கு ஒன்றன்பின் ஒன்றாக, எது முதல் எது பிறகு என்ற ஒழுங்கோடு, தானாகவே கொட்டியது. எனக்குள்ளே ஒரு பெரிய சமையற்காரன் இத்தனை காலமும் ஒளிந்திருந்தான் போலும் என்று நானே வியந்தேன்.

அன்று பின்னேரம் வார்டுக்குள் நான் நுழைந்த நடையைப் பார்த்து நேர்ஸே வழி விட்டா.

மனைவி வாசித்தா. இன்னொரு தரம் வாசித்தா. உதடு நடுங்கியது. அழப் போகிறா என்று நினைத்து நான் எழும்பிவிட்டேன்.

"இது ஆருக்கு?" என்று கேட்டா.

"லேடீஸுக்கு."

"அது தெரியும். செத்தது ஆரெண்டு கேட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. அவ தாளில் விரலை வைத்து வாசித்துக் காட்டினா. "பாகற்காய். வாழைக்காய். அகத்திக்கீரை. பூசணிக்காய். பயித்தங்காய். வடை. கடைசியா மோதகம். இது அந்தியேட்டிச் சாப்பாடப்பா."

செத்தவருக்கு ஒரு மாதம் கழித்துச் செய்கிற கிரியைதான் எங்கள் பக்கத்தில் அந்தியேட்டி. அன்றைக்கு வீட்டில் படைக்கிற சாப்பாட்டை, ஒரு கறி பிசகாமல், எங்கள் ஊர்ப் பெண்களின் நத்தார் விருந்துக்கு நான் எழுதியிருக்கிறேன். எப்படி வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கலியாண வீடு என்றால் நான் போய்ப் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவன். செத்தவீட்டுக் காரியம் என்றால்தான் அயலவன் என்று வாளியும் கையுமாக நின்று பந்தி பரிமாறுகிறவன். எத்தனை அந்தியேட்டிக்கு வாளி தூக்கியிருப்பேன்! எனக்கு நெட்டுருவாகத் தெரிந்த ஒரே மெனு அதுதான்.

இதெல்லாம் பிறகு வந்த யோசனை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வயிற்றை வெட்டித் தைத்துப் படுத்திருக்கிற பெண்சாதிக்கு முன்னால், அந்தியேட்டிச் சாப்பாட்டை எழுதி நீட்டிக்கொண்டு நிற்கிறேன். தாளைப் பறிக்கப் போனேன்.

அவ தரவில்லை. சிரிக்கத் தொடங்கியிருந்தா. முதலில் சத்தமில்லாமல், பிறகு கட்டில் குலுங்க. இரண்டு கையாலும் தையல் போட்ட இடத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, நோகுது, பகிடி விடாதேங்கோ" என்றா.

"நான் பகிடி விடேல்லை."

அதற்கு இன்னும் கூடச் சிரித்தா. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, என் கையைப் பிடித்துச் சொன்னா: "வைச்சிருங்கோ. ஒரு நாளைக்கு எனக்குச் செய்வியள்தானே. இப்ப என்ன அவசரம்?"

பக்கத்துக் கட்டில் அம்மா எங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டு, விபரம் தெரிந்ததும் அவவும் சேர்ந்துகொண்டா. நேர்ஸ் ஓடி வந்து என்னை ஏசினா. நான் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. சத்தமெல்லாம் அடங்கிய பிறகு மனைவி மெதுவாக, பசிக்கிறது என்றா. கோப்பைக் கஞ்சி முழுவதையும் குடித்தா. வெறுங் கோப்பையை நான் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.

அடுத்த நாள் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. இனிப்பு ஒன்றையாவது நான் ஒழுங்காகப் போட்டுவிட வேண்டும் என்று, வட்டலப்பத்துக்குப் பேர்போன ராத்தா வீட்டுக்குச் சைக்கிளை விட்டேன். எங்கள் தெருவில் புடைவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரின் மனைவி அவ; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. என் மனைவிக்குச் சொந்த அக்கா மாதிரி. தாய்க்குச் சுகமில்லை என்று கிண்ணியாவுக்குப் போய், வெள்ளத்தில் தோணி ஓடாமல் அங்கேயே நின்றுவிட்டு, முதல் நாள்தான் வந்திருந்தா. அதனால் நான் முன்பு விசாரித்துத் திரிந்தபோது அவவைக் காணவில்லை.

குசினி வாசலில் இருந்து கருப்பட்டி சீவிக்கொண்டிருந்தா. மனைவியின் சுகத்தை விசாரித்தா. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மெனு எழுதி முடியவில்லை, இனிப்புக்கு என்ன போடலாம், நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள் என்று.

ராத்தா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"என்ன தம்பி சொல்றீங்க? வட்டலப்பம் எண்டு எனக்குப் பிரிச்சித் தந்தது உங்கட பொஞ்சாதிதானே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின கிழமையே மழையோட மழையா வந்து எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போனா. மஞ்சள் சோறு ரீச்சர் வீட்டுல. கோழி நான். விரதக்காரருக்கு வேற சட்டி, வேற கரண்டி, வேற மேசை. மெனு அப்பவே முடிஞ்ச கதை. உங்களுக்குச் சொல்லல்லையா?"

வேறு சட்டி. பன்றியையும் மாட்டையும் மீனையும் துரத்திக்கொண்டு மழைக்குள் ஊரெல்லாம் ஓடினேன். இரண்டு சட்டி வைக்கலாம் என்ற யோசனை எனக்கு ஒரு தரமும் வரவில்லை.

சொன்னவ, நான்தான் மறந்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். ராத்தாவுக்கு எதுவோ விளங்கியிருக்க வேண்டும். நான் எழும்பும்போது, "நான் ஒண்டும் சொல்லல்ல, நீங்க ஒண்டும் கேக்கல்ல" என்றா, என் முகத்தைப் பார்க்காமல் கருப்பட்டியைப் பார்த்து.

திரும்பி வரும்போது உட்துறைமுக வீதியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு சாமான் கப்பல் மழைக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றது. எனக்கு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. கட்டிலில் படுத்திருந்தது அவ, ஆனால் நோயாளி மாதிரி இருந்தது நான். கண்ணைத் திறக்கிற நேரமெல்லாம் அவவுக்கு எதிரில் தெரிந்தது என் முகம். இருபது வருடமாகப் பகிடி விட்டுக்கொண்டிருந்த வாய், "நோகுதா" என்ற ஒரு சொல்லோடு நின்றுபோயிருந்தது. தனக்கு என்னவோ ஆகப் போகிறது என்பதை அவ என் முகத்தில்தானே ஒவ்வொரு நாளும் வாசித்திருப்பா? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்குக் கஞ்சி இறங்கும்? அதுதான் அந்த முகத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்து மழைக்குள் அனுப்பியிருக்கிறா. ரீச்சரின் பொறுமைக்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. வயிறு கிழிந்து கிடந்த நேரத்திலும் அவ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

அன்று பின்னேரம் போனபோது, முதல் தடவையாகத் தலை இழுத்துப் பின்னியிருந்தா.

"இண்டைக்கு என்ன மெனு?" என்று கேட்டா.

எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று கேட்க ஆசையாகக் காத்திருந்தா. சட்டைப் பையில் இருந்து ஒரு வெறுந்தாளை எடுத்து விரித்தேன்.

"யானை றோஸ்ற். தம்பலகாமத்தில இருந்து நேரா வருது, வயல் எல்லாம் மிதிச்ச யானை."

"விரதக்காரருக்கு யானை ஆகாதே."

"அவைக்கு வேற சட்டி வைப்பம்."

என் கண்ணையே பார்த்தா. நான் தாளைப் பார்த்தேன்.

"யானை கொள்ளுற சட்டி ஆரிட்டை இருக்கு?" என்றா கடைசியில்.

"களஞ்சியத்தில கையெழுத்து வைச்சு எடுக்கலாம்."

அதற்கு மேல் நாங்கள் இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. மிச்ச நாளெல்லாம் நான் ஒவ்வொரு பின்னேரமும் இல்லாத மெனு ஒன்றைக் கொண்டுபோனேன், அவ அதில் பிழை பிடித்தா. பிழை பிடிக்கிற நேரத்தில் கஞ்சியும் பாணும், பிறகு கொஞ்சம் சோறும் உள்ளே போனது. பக்கத்துக் கட்டில் அம்மாவும் தன் பங்குக்குப் பிழை பிடித்தா.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மற்ற ஆண்களோடு சேர்ந்து மேசைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வழக்கப்படி மறைந்தேன். மறைந்த இடம் ஆஸ்பத்திரி. மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் ரீச்சரும் ராத்தாவும் நல்ல சேலையில், மழையில் பாதி நனைந்து, ஒரு சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கே ஒருவரும் இன்னும் கைவைக்கவில்லையாம், சாப்பாட்டுப் பொறுப்புக்காரி ருசி பார்த்துச் சொன்னால்தான் பந்தி தொடங்குமாம்.

மனைவியைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தினோம். மஞ்சள் சோற்றில் கொஞ்சத்தைக் கத்தரிக்காயோடு குழைத்து வாயில் வைத்தா. நாங்கள் மூன்று பேரும் அவ தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெதுவாக மென்று விழுங்கினா.

"சோத்துக்கு உப்புக் காணாது" என்றா.

ரீச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டா. தான் சமைத்ததைக் குறை சொன்னதற்காக இப்படிச் சந்தோசப்பட்ட ஒரு மனுசியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. மனைவி இரண்டாவது வாய் எடுத்தா. மூன்றாவது வாய்க்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு அவ வீட்டில் இருந்தா. கதிரையில் இருந்துகொண்டு, நான் பொங்கிய பொங்கலில் பிழை பிடித்தா.

இது நடந்து இவ்வளவு காலமாகியும், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவவிடம் நான் சொன்னதில்லை. நான் கண்டுபிடித்தது தனக்குத் தெரியும் என்று அவவும் சொன்னதில்லை. இது அச்சில் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது, அவ என்னைவிடக் கவனமாகப் புத்தகம் வாசிக்கிறவ. ஆனால் ஒரு பழக்கம் என்னில் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் சுகமில்லாத யாரையாவது பார்க்கப் போனால், நோகுதா என்று நான் கேட்பதில்லை. எனக்குச் செய்ய ஏதாவது ஒரு வேலை தாருங்கள் என்று கேட்கிறேன். அவர்களும் தேடிப் பிடித்து ஒன்றைத் தருகிறார்கள். அதைச் செய்துகொண்டு திரும்பி வருகிற வழியில், எங்களில் யார் யாருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியது என்று யோசிப்பேன். இன்னும் அது எனக்குப் பிடிபட்டதில்லை.